கர்ப்பகாலத்து மாத்திரையும் நீதிமன்றம் தேடும் காரணமும்

நம் வீடுகளில் டோலோ, குரோசின், கால்பால் என்ற பெயர்களில் இருக்கும் பாராசிட்டமாலும், அமெரிக்க வீடுகளில் டைலனால் என்ற பெயரில் இருக்கும் அசிட்டமினோஃபெனும் ஒரே மருந்துதான். கர்ப்பிணிக்குக் காய்ச்சலோ தலைவலியோ வந்தால் பல நாடுகளில் மருத்துவர்கள் முதலில் சொல்வது இந்த மாத்திரையைத்தான். கர்ப்பகாலத்தில் இதை உட்கொண்டதால்தான் தங்கள் பிள்ளைகளுக்கு ஆட்டிசமோ, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறோ வந்தது என்று கூறி, அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. 2023 டிசம்பரில் நியூயார்க் நீதிபதி ஒருவர் அளித்த தீர்ப்பு அந்த வழக்குகளின் அடித்தளத்தையே அகற்றிவிட்டது. அந்தத் தீர்ப்பு மருந்துக்கு நற்சான்றிதழ் தந்துவிட்டது என்று ஒரு சாராரும், உண்மையை மூடி மறைத்துவிட்டது என்று இன்னொரு சாராரும் பேசினார்கள். இரண்டுமே தவறான வாசிப்புகள். இத்தகைய வழக்குகளில் ‘காரணம்’ என்ற சொல்லுக்கு நீதிமன்றம் என்ன பொருள் கொள்கிறது என்பதை அறிந்துகொண்டால், அந்தத் தீர்ப்பு எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பது விளங்கிவிடும்.

முதலில் குற்றச்சாட்டு எதுவென்று பார்ப்போம். மாத்திரையில் கலப்படம் இருந்தது என்றோ, தயாரிப்பில் பிழை நேர்ந்தது என்றோ பெற்றோர்கள் சொல்லவில்லை; விற்றவர்கள் எச்சரிக்கத் தவறினார்கள் என்பதே அவர்களுடைய வாதம். அமெரிக்காவில் இம்மருந்தின் உறையில், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் உட்கொள்வதற்கு முன் மருத்துவத் துறையினரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற பொதுவான வரி ஒன்று உண்டு. அது போதாது, குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று வெளிப்படையாக அச்சிட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். டைலனாலைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் மட்டுமின்றி, அதே மருந்தைத் தங்கள் கடைப் பெயரிட்டு விற்ற வால்மார்ட் போன்ற பெரிய வணிக நிறுவனங்களும் பிரதிவாதிகளாயின. உறையில் என்ன அச்சிட வேண்டும் என்பதை மத்திய அரசின் விதிகள் வகுத்திருக்கும்போது மாநிலச் சட்டத்தைக் காட்டி எங்களைக் குறை கூற முடியாது என்று நிறுவனங்கள் தொடக்கத்திலேயே வாதிட்டுப் பார்த்தன. நீதிபதி அதை ஏற்கவில்லை. வழக்குகள் மேலே நகர்ந்தன.

பல மாநிலங்களில் தாக்கலான இவ்வழக்குகளை 2022 அக்டோபரில் ஒன்றுதிரட்டி, நியூயார்க் தெற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி டெனிஸ் கோட் முன்னிலையில் வைத்தார்கள். இது அனைவருக்கும் ஒரே தீர்ப்பு வழங்கும் கூட்டு வழக்கு அன்று. ஒவ்வொரு குடும்பத்தின் வழக்கும் தனி வழக்காகவே நீடிக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான கேள்விகளை மட்டும் ஒரே நீதிபதி, ஒரே தடவையில் விசாரித்து முடிப்பார். அப்படி எல்லாருக்கும் பொதுவாக இருந்த பெரிய கேள்விதான் காரணம் பற்றிய கேள்வி.

சட்டம் இந்தக் கேள்வியை இரண்டு மாடி வீடு போலக் கட்டி வைத்திருக்கிறது. கீழ்த்தளத்தில் இருப்பது பொதுக் காரணம்: இந்த மருந்து, மனிதர்கள் உட்கொள்ளும் அளவில், இந்தக் கோளாறை உண்டாக்கக் கூடியதுதானா? மேல்தளத்தில் இருப்பது தனிக் காரணம்: இந்தத் தாய் உட்கொண்ட மாத்திரைதான் இந்தக் குழந்தையின் கோளாறுக்குக் காரணமா? கீழ்த்தளம் எழும்பாவிட்டால் மேல்தளத்தைப் பற்றிப் பேச இடமே இல்லை. தன் பிள்ளையை அருகிலிருந்து பார்த்து வளர்த்த தாயின் சாட்சியம் எவ்வளவு உருக்கமானதாக இருந்தாலும் அது மேல்தளத்துக்கு உரிய சாட்சியம். கீழ்த்தளத்தை விஞ்ஞானிகள்தான் கட்டித் தர வேண்டும். நேர்மையான தாய்மார்கள் பலர் நீதிமன்றத்தில் தங்கள் கதையைச் சொல்லும் வாய்ப்பே இல்லாமல் திரும்ப நேர்வது இதனால்தான். கொடுமையான ஏற்பாடு என்று தோன்றலாம். ஆனால் இதை நீக்கிவிட்டால், எந்த நோய்க்கும் எந்தப் பொருளையும் காரணம் காட்டி வழக்காடும் நிலை வந்துவிடும் என்பதும் மறுக்க முடியாத உண்மை.

விஞ்ஞானிகள் சொல்வதை அப்படியே ஜூரியிடம் கொண்டுபோய் வைத்துவிட முடியுமா என்றால், அமெரிக்காவில் முடியாது. அங்கே உரிமையியல் வழக்குகளிலும் சாதாரணக் குடிமக்களைக் கொண்ட ஜூரி உண்டு. முறையற்ற அறிவியல் அவர்களைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக, நிபுணரின் முறை நம்பத்தக்கதா என்று வாசலிலேயே சோதித்து அனுப்பும் பொறுப்பை நீதிபதியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இந்தப் பொறுப்பை வகுத்த 1993ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு டாபர்ட் தீர்ப்பு என்று அழைக்கப்படுகிறது. அதுவும் ஒரு கர்ப்பகால மருந்து வழக்கில் பிறந்ததுதான். மசக்கை வாந்திக்காகத் தரப்பட்ட பென்டெக்டின் என்ற மாத்திரையால் குழந்தைகளின் கை கால்கள் ஊனமாயின என்பது அந்த வழக்கு. வழக்குச் செலவு தாங்காமல் நிறுவனம் 1983இலேயே மருந்தைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. ஆனால் அடுத்தடுத்த ஆய்வுகளில் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. அதே டாக்ஸிலமின், வைட்டமின் பி6 கூட்டை வேறு பெயரில் 2013இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மீண்டும் அனுமதித்தது. இன்று நம் ஊரில் மசக்கைக்கு எழுதித் தரப்படும் மாத்திரைகளிலும் அதே கூட்டு உண்டு. எந்த ஆதாரமும் உறுதிப்படாமலேயே ஒரு நல்ல மருந்து முப்பது ஆண்டுகள் கர்ப்பிணிகளுக்குக் கிடைக்காமல் போயிற்று என்பதை அமெரிக்க நீதிபதிகள் மறந்ததாகத் தெரியவில்லை. டாபர்ட் தீர்ப்பை உள்ளடக்கிய சாட்சிய விதி 702, 2023 டிசம்பர் 1 முதல் மேலும் தெளிவாக்கப்பட்டது: நிபுணரின் கருத்து நம்பத்தக்க முறையில் எட்டப்பட்டதுதான் என்பதை, அவரை அழைத்து வந்த தரப்பே, இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு மிகுதி என்ற அளவுக்காவது நிறுவ வேண்டும்.

இனி அறிவியலுக்கு வருவோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லாரும் அறிவோம். காக்கைதான் பழத்தை வீழ்த்தியது என்று எண்ணுவது தவறு, இரண்டும் தற்செயலாக ஒன்றாக நேர்ந்தன என்பதற்கே அந்தக் கதையை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் மருந்து வழக்குகளில் உள்ள சிக்கல் இதைவிட நுட்பமானது. ஆயிரம் பனைகளை எண்ணிப் பார்த்து, காக்கை அமர்ந்த மரங்களிலேயே பழம் அதிகமாக விழுகிறது என்று ஒருவர் கணக்கோடு காட்டினால், இனி அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் காக்கைதான் காரணம் என்றும் ஆகிவிடாது. ஏனெனில் காக்கை தேடி வருவது பழுத்த மரத்தை, பழம் விழுவதும் அது பழுத்துவிட்டதால். காக்கையின் வருகைக்கும் பழத்தின் வீழ்ச்சிக்கும் பின்னால் பழுத்தல் என்ற மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறது.

கர்ப்பிணி ஒருவர் காரணமில்லாமல் பாராசிட்டமால் உட்கொள்வதில்லை. காய்ச்சல், நோய்த்தொற்று, ஒற்றைத் தலைவலி, தீராத உடல்வலி என்று ஏதோ ஒன்று இருப்பதால்தான் உட்கொள்கிறார். கர்ப்பகாலக் காய்ச்சலும் தொற்றும் தாமே கருவைப் பாதிக்கக் கூடியவை. இதற்கும் மேலாக, ஆட்டிசத்திலும் ஏ.டி.எச்.டி.யிலும் மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது; அந்தப் பண்புகள் சிலவற்றைத் தாமே கொண்ட தாய்மார்கள் வலிநிவாரணிகளை அதிகம் நாடுபவர்களாகவும் இருக்கலாம். எனவே மாத்திரை உட்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகளிடம் இக்கோளாறுகள் சற்று அதிகம் என்று ஓர் ஆய்வு காட்டும்போது, நாம் காண்பது காக்கையையா, பழுத்த மரத்தையா என்ற கேள்வி எழுகிறது. கர்ப்பிணிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வேண்டுமென்றே மாத்திரை கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை அறத்துக்கு ஒவ்வாது என்பதால், நடந்து முடிந்ததைக் கவனித்துக் கணக்கிடும் ஆய்வுகளை மட்டுமே நாம் நம்பி இருக்க வேண்டியிருக்கிறது.

பெற்றோர்களின் தரப்பில் நின்ற நிபுணர்கள் ஐவர். அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கர்ப்பகாலத்தில் இம்மருந்தை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்று 2021இல் 91 விஞ்ஞானிகள் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்று வெளிவந்திருந்தது. பாஸ்டனில் 996 தாய் சேய் இணைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று, தொப்புள்கொடி இரத்தத்தில் இம்மருந்தின் அளவு கூடக் கூட இக்கோளாறுகளும் கூடுவதாகக் காட்டியது. தாயின் நினைவை நம்பாமல் இரத்தத்தையே அளந்தது என்பதால் வழக்கில் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஆனால் இந்த மருந்தின் அளவு இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பிரசவத்தின்போது எடுத்த தொப்புள்கொடி இரத்தம் பிரசவ நாளில் உட்கொண்ட மாத்திரையைக் காட்டுமே தவிர, மூளை உருவாகும் மாதங்களில் தாய் என்ன உட்கொண்டார் என்பதைக் காட்டாது. எல்லாக் குழந்தைகளின் மாதிரியிலும் மருந்து தென்பட்டது என்பதால், மருந்தே படாத குழந்தை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லாமல் போனது.

2023 டிசம்பர் 18 அன்று நீதிபதி கோட் ஐவரின் சாட்சியத்தையும் விலக்கினார். அவர்கள் கையாண்ட முறை, பிராட்ஃபோர்ட் ஹில் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1965இல் முன்வைத்த ஒன்பது கோணங்களை அடிப்படையாகக் கொண்டது: தொடர்பு எவ்வளவு வலிமையானது, பல ஆய்வுகளில் மாறாமல் தெரிகிறதா, அளவு கூடினால் விளைவும் கூடுகிறதா என்பவை போன்றவை. அந்த முறையில் நீதிபதிக்குக் குறை இல்லை. அதைக் கையாண்ட விதத்தில்தான் அவர் குறை கண்டார். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. என்ற இரு வேறு கோளாறுகளின் ஆய்வுகளை ஒன்றாகக் கலந்து எடைபோட்டதால் ஒன்றின் பலவீனத்தை மற்றொன்றின் பலம் மறைத்துவிட்டது என்றார்; தங்களுக்குச் சாதகமான முடிவுகளைப் பொறுக்கியெடுத்துப் பாதகமானவற்றைத் தட்டிக்கழித்தார்கள் என்றார்; மரபணுக் காரணத்தை உரிய முறையில் எதிர்கொள்ளவில்லை என்றார். இதன்பின் ஏ.டி.எச்.டி.க்கு மட்டும் புதிய நிபுணர் ஒருவர் முன்வைக்கப்பட்டார். 2024 ஜூலையில் அவரும் விலக்கப்பட்டார். நிபுணர் இல்லையேல் கீழ்த்தளம் இல்லை. கீழ்த்தளம் இல்லையேல் வழக்கு இல்லை. ஜூரி கூடாமலேயே நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதப்பட்டது.

இதற்கு இடையில், 2024 ஏப்ரலில், சுவீடனிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 1995 முதல் 2019 வரை அந்நாட்டில் பிறந்த ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அது ஆராய்ந்தது. பத்து வயதுக்குள் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள், மருந்து படாத குழந்தைகளில் 1.33 சதவீதம், மருந்து பட்டவர்களில் 1.53 சதவீதம். மற்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பின் எஞ்சிய அதிகரிப்பு ஐந்து சதவீதம் அளவுக்கே இருந்தது. அடுத்து ஆய்வாளர்கள் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. ஒரே தாய்க்குப் பிறந்து, ஒரு கர்ப்பத்தில் மருந்து பட்டும் மற்றொன்றில் படாமலும் இருந்த உடன்பிறந்தோரை ஒப்பிட்டார்கள். மரபணுவின் பெரும்பகுதியும் வீட்டுச் சூழலும் அவர்களுக்குப் பொது. நம் உவமையில் சொன்னால், ஒரே மரத்தில் காக்கை வந்த நாளையும் வராத நாளையும் ஒப்பிடுவது போன்றது. அந்த ஒப்பீட்டில் அதிகரிப்பு மறைந்துவிட்டது. உடன்பிறந்தோர் ஒப்பீட்டுக்கும் குறைகள் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் இந்த வினாவில் இதுவரை கிடைத்த விடைகளில் வலுவானது இது என்றே நான் கருதுகிறேன்.

இவ்வளவையும் படித்தவர்களுக்கு, கர்ப்பகால மருந்தும் மூளை வளர்ச்சியும் பற்றிய வழக்குகள் எல்லாமே இப்படித்தான் முடியும் என்ற எண்ணம் தோன்றலாம். அப்படி இல்லை என்பதற்கு வால்ப்ரோயேட்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் 1967 முதல் விற்பனையில் உள்ள இந்த வலிப்பு மருந்தை டெபாகின் என்ற பெயரில் சனோஃபி நிறுவனம் விற்கிறது. பிரிட்டனில் அதன் பெயர் எபிலிம். கர்ப்பத்தில் இதை உட்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்புப் பிளவு போன்ற பிறவிக் குறைபாடு வருகிறது என்பதும், பத்தில் மூவர் முதல் நால்வர் வரை வளர்ச்சிக் கோளாறுகளுக்கு உள்ளாகலாம் என்பதும் இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றுக்கொண்ட உண்மைகள்.

இங்கும் பழுத்த மரக் கேள்வி எழத்தான் செய்தது: தாயின் வலிப்பு நோயே காரணமாக இருக்கலாமே? இதற்கு விடை காண எளிய வழி ஒன்று இருந்தது. வலிப்பு நோயுள்ள தாய்மார்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வால்ப்ரோயேட் உட்கொண்டவர்களையும் வேறு வலிப்பு மருந்து உட்கொண்டவர்களையும் ஒப்பிடுவதே அது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த அப்படியோர் ஆய்வில், ஆறு வயதில் வால்ப்ரோயேட் பட்ட குழந்தைகளின் அறிவுத்திறன் எண் சராசரியாக 97. லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மருந்து பட்டவர்களுடையது 108. மருந்தின் அளவு கூடக் கூட எண் குறைந்தது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஆட்டிச வகைக் கோளாறுகள் மொத்தக் குழந்தைகளில் 1.53 சதவீதமாகவும் வால்ப்ரோயேட் பட்டவர்களில் 4.42 சதவீதமாகவும் இருந்தன. வலிப்பு நோயுள்ள தாய்மார்களின் பிள்ளைகளை மட்டும் தனியே பார்த்தபோதும் 2.44க்கு 4.15 என்று இடைவெளி நின்றது. மரங்கள் எல்லாம் பழுத்தவையே. ஆனாலும் இந்தக் காக்கை அமர்ந்த மரங்களில் மட்டும் பழம் அதிகமாக விழுந்தது.

இந்த எண்களுக்குச் சட்டத்திலும் ஒரு பொருள் உண்டு. ஆபத்து இரு மடங்குக்கு மேல் உயர்ந்தால், மருந்து பட்டுப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மருந்தே காரணம் என்று கணக்குச் சொல்லும். இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கு வாய்ப்பு மிகுதி என்ற சட்டத்தின் அளவுகோலும் அதுதான். அமெரிக்க நீதிமன்றங்கள் சில தனிக் காரணத்தைத் தீர்மானிக்க இந்த இருமடங்குக் கணக்கைப் பயன்படுத்துகின்றன. பாராசிட்டமால் பற்றிய சுவீடன் ஆய்வில் முதலில் தெரிந்த ஐந்து சதவீத உயர்வு உண்மையாகவே இருந்தாலும், மருந்து பட்டுப் பாதிக்கப்பட்ட இருபத்தொரு பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் மருந்து காரணமாக இருக்கும். அந்த ஒருவர் யார் என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. தாலிடோமைடு போன்று, மிக அரிதான, கண்ணுக்குத் தெரியும் ஊனத்தை உண்டாக்கிய மருந்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. ஆட்டிசமோ பரவலாக இருப்பது, பல காரணங்கள் கொண்டது, மருந்தின் முத்திரை எதையும் குழந்தையின் உடலில் விட்டுச்செல்லாதது.

காரணம் நிரூபணமாகிவிட்டால் இழப்பீடு தானே வந்துவிடும் என்று நினைப்பதும் பிழை. வால்ப்ரோயேட் பட்ட பிரிட்டிஷ் குடும்பங்கள் சனோஃபி மீது தொடுத்த வழக்கு, 2010இல் விசாரணை தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது அரசின் சட்ட உதவி நிதி நிறுத்தப்பட்டதால் சரிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2020இல், பிரிட்டிஷ் அரசின் வேண்டுகோளில் கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை, ஆபத்து தெரிந்த பின்னரும் பெண்களுக்கு அது சொல்லப்படவில்லை என்பதைப் பதிவு செய்தது. 2024 பிப்ரவரியில் நோயாளர் பாதுகாப்பு ஆணையர் ஹென்றியெட்டா ஹியூஸ், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் முதற்கட்டமாக 1 லட்சம் பவுண்டு வழங்கப் பரிந்துரைத்தார். பரிந்துரை என்பது காசோலை அன்று.

பிரான்சில் கதை சற்று வேகமாக நகர்ந்தது. பாதிக்கப்பட்ட இரு குழந்தைகளின் தாயான மரின் மார்ட்டின் 2011இல் தொடங்கிய சங்கத்தின் விடாப்பிடியால், மருத்துவ விபத்துகளுக்கு இழப்பீடு வழங்கும் அரசு அமைப்பின்கீழ் 2017இல் தனித் திட்டம் ஒன்று வந்தது. வழக்கு முடியும்வரை குடும்பம் காத்திருக்க வேண்டாம். அரசு முதலில் தந்துவிட்டுப் பிறகு பொறுப்பாளிகளிடம் வசூலிக்க முயலும். 2022 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம், ஆபத்தை உரிய காலத்தில் தெரிவிக்கும் கடமையில் சனோஃபி தவறியது என்று தீர்ப்பளித்தது. இந்த வழக்கில் காரணம் பற்றிய சண்டையைவிட, எந்த ஆண்டில் எந்த ஆபத்து தெரிந்திருந்தது, அது எப்போது உறையில் ஏறியது என்ற காலக்கணக்கே பெரிதாக நின்றது. பிறவிக் குறைபாடு பற்றிய அறிவு 1980களிலேயே இருந்தது. மூளை வளர்ச்சி பற்றிய அறிவு பிந்தியே உறுதிப்பட்டது. ஒரே மருந்துக்கு, குழந்தை பிறந்த ஆண்டைப் பொறுத்து, இரு வேறு விடைகள் வருவது இதனால்தான். (வலிப்புக்கு இம்மருந்தை உட்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, கட்டுப்படாத வலிப்பு தாயின் உயிருக்கே ஆபத்து, மாற்று மருந்தை மருத்துவர்தான் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும்.)

எச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இருபதாம் வாரத்துக்குப் பின் ஐபுப்ரோஃபென் வகை வலிநிவாரணிகள் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது. அதன்பின் காய்ச்சலுக்குக் கர்ப்பிணியிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் பாராசிட்டமால் ஒன்றுதான். அதன் மீதும் உறுதிப்படாத எச்சரிக்கையை ஏற்றினால், காய்ச்சலோடு கிடக்கும் பெண்ணின் கையில் எதுவும் இராது.

2025 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் டைலனாலைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவித்தபோது இந்த விவகாரம் உலகெங்கும் மீண்டும் பேசப்பட்டது. அதே நாளில் உணவு மருந்து நிர்வாகம் உறையை மாற்றும் பணியைத் தொடங்குவதாகச் சொல்லி மருத்துவர்களுக்கு எழுதிய கடிதத்தில், காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்ற வரியும் இருந்தது. உலக சுகாதார அமைப்பும் ஐரோப்பிய மருந்து முகமையும் தங்கள் நிலையை மாற்றவில்லை. அடுத்த மாதம் டெக்சாஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஜான்சன் அண்ட் ஜான்சன் மீதும், டைலனாலை இப்போது விற்கும் கென்வ்யூ மீதும் வழக்குத் தொடுத்தார். அது எந்தக் குழந்தைக்கும் இழப்பீடு கேட்கும் வழக்கு அன்று. நுகர்வோரை ஏமாற்றி விற்றார்கள் என்று மாநிலம் தொடுத்த வழக்கு. ஆகவே ஒரு குறிப்பிட்ட குழந்தையின் கோளாறுக்கு மருந்துதான் காரணம் என்று காட்டும் மேல்தளம் அதற்குத் தேவைப்படாது.

நியூயார்க் தீர்ப்பை எதிர்த்துக் குடும்பங்கள் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றன. அரசியல்வாதிகளின் அறிவிப்புகளைக் கேட்டுப் பழகியவர்கள், பாராசிட்டமால் ஆட்டிசத்தை உண்டாக்குமா என்பதைத்தான் அந்த மேல்முறையீடு தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அங்கே வைக்கப்பட்ட கேள்வி அதைவிட மிகச் சிறியது: நிபுணர்களை வாசலில் நிறுத்தியபோது, நீதிபதி கோட் தமக்குச் சட்டம் தந்த விருப்புரிமையின் எல்லையைத் தாண்டினாரா, இல்லையா என்பது மட்டுமே.